ஏரிக்கரை வீட்டில் ஒரு ஜோடி பூட்ஸ்

அத்தியாயம் ஏழு

செத்துப்போனவரின் உடுப்புகளை மருத்துவமனையில் ஒரு பழுப்புப் பையில் போட்டு, வாயை மடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஓடெட் துகே அந்த மடிப்பை இன்னும் பிரிக்கவில்லை. ஆறு வாரமாக அது அவர் சமையலறை நாற்காலி ஒன்றில், சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. தேநீர் குடித்துக்கொண்டே நான் அதைப் பார்க்காமலிருக்க முயன்றேன். முடியவில்லை.

"பிரிக்கலாமா ஓடெட்?" என்றார் தெல்மா.

தெல்மா கெர் என் முதலாளி. பிரதமர்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். நான் ரேமி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்து, இந்தப் பக்கம் தலைநகர் ஒட்டாவாவில் பிழைக்கிறவன். கார் ஓட்டுவது, காபி வாங்குவது, திட்டு வாங்குவது மூன்றும் என் உத்தியோகம்.

"எதுக்குப் பிரிக்கணும்? உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கோட்டு, சட்டை, பூட்ஸ். அன்னிக்கு நான்தானே எடுத்துக் குடுத்தேன்" என்றார் ஓடெட்.

அவர் கணவர் லயனல் துகே, பிரதமருக்குத் தேசப் பாதுகாப்பு ஆலோசகர். மூன்று பிரதமர்களின் காதில் கெட்ட சேதி ஓதிய மனிதர். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைப் பக்கத்தில் பிரதமர் கோர்டன் மாலோரி ஓய்வெடுக்கும் ஏரிக்கரை வீட்டுக்குப் போனார். ஏரிப் பாதையில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. மறுநாள் இரவு வடகோடியில் கிரிஸ்பின் தீவு ரேடார் நிலையத்தின் எண்ணெய்க் கிடங்கை யாரோ வெடிக்கவைத்தார்கள். அங்கிருந்த ஒன்பது பேரும் போனார்கள்.

லயனல் தன் ஓய்வுக்காலத்தைப் பற்றித்தான் பேசினார், கிரிஸ்பின் தீவைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை என்று பிரதமர் சொல்லிவிட்டார். பேசியது இரண்டே பேர். ஒருவர் பிரதமர். இன்னொருவர், குளிரில் உறைந்த மண் இளகிக் குழி தோண்ட வரும்வரை கல்லறைக் கிடங்கில் காத்திருக்கிறார். இன்று மதியம் இரண்டு மணிக்கு விசாரணைக் கமிஷன் முன்னால் பிரதமர் அதையே சத்தியம் செய்து சொல்லப்போகிறார். சொல்லிவிட்டால், ஒன்பது வீட்டாரும் காலமெல்லாம் சபிக்க, எச்சரிக்காமல் செத்துப்போன லயனலின் பெயர்தான் மிஞ்சும்.

"அன்னிக்குக் கிளம்பும்போது உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"'அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லணும் ஓடெட்'னார். யாரைன்னு நான் கேக்கல. கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டதில்ல. இந்த வேலைக்காரனுக்குப் பொண்டாட்டியா இருந்தா அதான் சட்டம்."

"கமிஷன்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். நீதிபதி ரொம்ப மரியாதையாக் கேட்டுக்கிட்டார். இந்த ஊர்ல அவ்வளவு மரியாதையாக் கேட்டா நம்பலைன்னு அர்த்தம்."

நான் சிரித்துவிட்டேன். ஓடெட்டும் லேசாகச் சிரித்தார். தெல்மா மட்டும் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லயனல் கெட்ட சேதியை வீட்டுக்குள்ள சொல்லமாட்டார், இல்ல?"

"சொல்லவே மாட்டார். மூணு பிரதமரையும் வெளியில நடக்கக் கூட்டிட்டுப் போயித்தான் சொல்வார். 'மூஞ்சில குளிர் அறையும்போது எவனாலயும் நடிக்க முடியாது'ம்பார். 'வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்'னு அவர் சொன்னாலே ஆபீஸ்ல எல்லாரும் கெட்ட சேதிதான்னு புரிஞ்சுக்குவாங்களாம். அந்த நடையே நடக்கலைன்னு கோர்டன் சொல்றார் தெல்மா. கணப்புப் பக்கத்துல உக்காந்து பேசிட்டு, இவர் மட்டும் தனியா ஏரியை ஒரு சுத்துச் சுத்தக் கிளம்பினாராம்."

"காலடித் தடம்?" என்றேன்.

"சாயங்காலம் கொட்டின பனியில எல்லாம் மூடிப்போச்சு தம்பி."

தெல்மா பதிலுக்குக் காத்திராமல் பையைப் பிரித்தார். கோட்டில் இன்னும் இருமல் மிட்டாய் வாசனை அடித்தது. ஓடெட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் பூட்ஸ். முழங்கால்வரை ஏறும் கறுப்பு பூட்ஸ், வடகோடியில் மட்டும் கிடைக்கிற ரகம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த படத்திலும் அதையே பார்த்தேன். போன ஜூனில் கிரிஸ்பின் தீவில் எடுத்தது. லயனல், பிரதமர், நிலையத்து ஆட்கள் ஒன்பது பேர், எல்லாரும் வரிசையாக நின்று ஒரே மாதிரி பூட்ஸைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நிலையத்துக்காரர்கள் விருந்தாளிகளுக்குக் கொடுத்த பரிசு. அந்தப் பதினோரு பேரில் இப்போது உயிரோடிருப்பவர் ஒரே ஒருவர்தான். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

ஓடெட் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே கையை விட்டார். நுனிவரை துழாவினார். முகம் மாறியது.

"இது அவரோடது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு தடவை அவருக்குக் கால்விரல் வெறைச்சுப்போச்சு. அதுலேருந்து குளிர் தாங்கமாட்டார். என் பழைய சிவப்புக் கம்பளியை வெட்டி ரெண்டு பூட்ஸுக்குள்ளயும் வச்சுத் தெச்சுக் குடுத்தேன். இதுல ஒண்ணுமே இல்ல. அடியில பாருங்க, இதுவும் எங்க வீட்டுது இல்ல."

அடியில் ஆரஞ்சு ரப்பரில் ஆணிப்பட்டை மாட்டியிருந்தது. பனிக்கட்டியில் வழுக்காமல் நடக்க மாட்டிக்கொள்வது.

"மருத்துவமனைல மாத்திட்டாங்க மேடம்," என்றேன். "எங்க மாமாவுக்கு ஆபரேஷன் பண்ணினப்ப வேற யாரோட பல்செட்டோ குடுத்தனுப்பிட்டாங்க. சாகிறவரைக்கும் நல்லாத்தான் சிரிச்சார்."

"வடகோடி பூட்ஸோட அன்னிக்கு எத்தனை பேர்டா ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்க? எழுந்திரு. காரை எடு. ஓடெட், நீங்களும் வாங்க. பையையும் எடுத்துக்குங்க."

*

மலைப்பாதையில் ஏறும்போது பின்சீட்டில் ஓடெட் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பிரதமர் கமிஷனுக்குக் கிளம்புமுன் ஏரிக்கரை வீட்டில் பத்து நிமிடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பழைய காவல்காரி என்பதால் தெல்மாவுக்கு அந்தச் சலுகை.

"மூணாவதா ஒருத்தன் இருந்திருக்கான் மேடம்," என்றேன்.

"சொல்லு."

"நம்ம ஊர்ல எவன் வீட்டுக்குள்ளயும் எவனும் பூட்ஸோட போகமாட்டான். கொலைகாரனே வந்தாலும் வாசல்ல கழட்டி வச்சுட்டு, மன்னிக்கணும்னு சொல்லிட்டுத்தான் உள்ள போவான். அன்னிக்கு அந்த வாசல்ல இன்னொருத்தன் பூட்ஸ் இருந்திருக்கு. லயனல் அவசரத்துல அதை மாட்டிட்டுக் கிளம்பிட்டார். இவரோடது அவன்கிட்ட. அவன்தான் நடந்ததைக் கேட்ட சாட்சி."

விருந்துக்குப் போன இடத்தில் அடுத்தவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க நடக்கிற கூத்து. மறுநாள் விடிந்ததும் இரண்டு பக்கமும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள்.

"பரவாயில்ல, இன்னிக்கு மூளையை வீட்டுல விட்டுட்டு வரல," என்றார் தெல்மா. "ஆனா அவன் ஏன் ஓடெட்டுக்கு ஒரு போன் பண்ணல?"

"பயந்திருப்பான்."

"எதுக்குப் பயந்தான்னு கண்டுபிடிச்சா முடிஞ்சுது."

வாயில் காவலர் தெல்மாவைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். அன்றைக்குக் காவலிலிருந்தவரும் அவர்தான். லயனலின் கார் ஒன்றைத் தவிர வேறு எதுவும், யாரும் உள்ளே வரவில்லை என்று அடித்துச் சொன்னார். அன்றைக்குத் தனியாக இருக்க வேண்டும் என்று பிரதமர் காவலர்களை வாயிலோடு நிறுத்திவிட்டாராம்.

என் மூன்றாவது ஆள் அந்த இடத்திலேயே ஆவியாகிப் போனான். ஓடெட் காரிலேயே இருந்துகொண்டார். நானும் தெல்மாவும் பக்கவாசலுக்கு நடந்தோம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நெட்டி கதவைத் திறந்தார். குள்ளமான, படபடப்பான அம்மாள். கதவுக்குப் பின்னால் சுவரோரமாக பூட்ஸ் வைக்கும் ரப்பர் தட்டு. அதில் ஒரே ஒரு ஜோடிதான் நின்றது. முழங்கால்வரை ஏறும் கறுப்பு பூட்ஸ். படத்தில் பார்த்த அதே ரகம். யாரோ உள்ளே நின்றுகொண்டிருப்பது மாதிரி இரண்டும் நிமிர்ந்து, ஏரிப் பக்கம் பார்த்தபடி இருந்தன.

என் பூட்ஸை அதன் பக்கத்தில் வைக்க மனசு வரவில்லை. தள்ளி வைத்தேன்.

"அதைத் தொட்டுறாதீங்க தம்பி," என்று நெட்டி கிசுகிசுத்தார். "ஐயா யாரையும் தொட விடறதில்ல. நான் தரையைத் தொடைக்கிறப்பகூட அதைச் சுத்தித்தான் தொடைக்கிறேன்."

"ஐயாவோடதா?" என்றார் தெல்மா.

"அப்படித்தான் இன்ஸ்பெக்டரம்மா நெனச்சேன். ஆனா அவர் இதைப் போடறதே இல்லையே. புதுசா ஒண்ணு வாங்கி அங்க முன்வாசல்ல வச்சிருக்கார். இந்தப் பக்கம் காலையில இறங்கி வருவார், படியில உக்காந்து இதையே பாப்பார். அப்புறம் ஏறிப் போயிருவார். போன வாரம் 'நெட்டி, வெளியில யாராவது நடக்கிறாங்களா பாரு'ன்னார். எட்டிப் பாத்தேன். பனியில ஒரு தடம் இல்ல. இல்லைங்கய்யான்னேன். 'நல்லாப் பாரு'ன்னார்."

நெட்டியின் கண் கலங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தனக்கு விடுமுறை என்று கேட்காமலே சொன்னார்.

தெல்மா குனிந்து ஒரு பூட்ஸுக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரல் நுனியில் சிவப்பாக ஒரு கம்பளி இழை ஒட்டியிருந்தது.

லயனலின் பூட்ஸ்.

தெல்மா அதைத் தூக்கி அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். ஆரஞ்சு ரப்பர். ஆணிகள். பிறகு முன்பிருந்த மாதிரியே, ஏரியைப் பார்க்க வைத்துவிட்டார்.

"புரியுதா?"

"இல்ல மேடம். புரியாமலே பயமா இருக்கு. புரிஞ்சா வேலையை விட்டுருவேன்."

*

ஏரியைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. கோர்டன் மாலோரி டை கட்டித் தயாராக நின்றார். தொலைக்காட்சியில் பார்ப்பதைவிடப் பத்து வயது கூடுதலாகத் தெரிந்தார். கால் வெறும் சாக்ஸில் இருந்தது. எங்கள் மூவர் கால்களும்தான். பிரதமரோ பிச்சைக்காரனோ, சாக்ஸோடு நிற்கும்போது கொஞ்சம் ஒரே மாதிரிதான் இருக்கிறோம்.

"ஓடெட்டுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன் தெல்மா. அவங்க மனசு எனக்குத் தெரியும். கேளுங்க."

"அன்னிக்கு வீட்டுல வேற யார் இருந்தாங்க சார்?"

"யாரும் இல்ல. நானும் லயனலும்."

"கிளம்பும்போது வாசல்வரைக்கும் போனீங்களா?"

"போனேன். கோட்டைப் பிடிச்சு மாட்டிவிட்டேன். ஏரியை ஒரு சுத்துச் சுத்திட்டுக் கிளம்பறேன்னார். ஆணிப்பட்டையை எடுத்துக் குடுத்தேன்."

"நீங்க வெளியில போனீங்களா?"

"கால் வைக்கல."

"அவர் போட்டுட்டுப் போனது உங்க பூட்ஸ் சார்."

பிரதமர் அசரவில்லை. வருத்தமாகத் தலையாட்டினார்.

"அப்படியா? இருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி, ஒரே இடத்துல குடுத்தது. தவறுதலா மாட்டியிருப்பார். நானும் கவனிக்கல. இந்த ஊர்ல யாருக்கு நடக்கல?"

அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இல்லை. எந்த நீதிபதியும் அதைக் கேட்டுத் தலையாட்டுவார், தன் வீட்டுக் கதை ஒன்றையும் சேர்த்துச் சொல்வார். மூன்றாவது ஆளும் போயாச்சு, பூட்ஸும் போயாச்சு. காரில் உட்கார்ந்திருக்கும் ஓடெட்டிடம் போய் என்ன சொல்வது என்று நினைத்தேன்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்," என்றார் தெல்மா. குரல் ஏறவே இல்லை. "தவறுதலா உங்களோடதை மாட்டிட்டுப் போயிருந்தா, அவரோடது வந்ததும் கழட்டி வச்ச இடத்துலயே சும்மா நின்னிருக்கணும். அவர் கார்ல வந்தார். காருக்கும் வாசலுக்கும் நடுவுல உப்புப் போட்ட பாதை, ஆணிப்பட்டையே வேண்டாம். அந்த ஆரஞ்சுப் பட்டை இந்த வீட்டோடது. ஏரிப் பாதைக்கு மட்டும்தான் மாட்டறது. சரிதானே?"

பிரதமரின் கை டை முடிச்சுக்குப் போனது.

"கீழ நிக்கிற லயனலோட பூட்ஸ் அடியிலயும் அது மாட்டியிருக்கு சார். அந்த பூட்ஸ் ஏரிக்குப் போயிட்டு வந்திருக்கு. லயனல் திரும்பி வரல. அவர் பூட்ஸ் மட்டும் எப்படித் திரும்பி வந்துச்சு?"

கோர்டன் மாலோரி நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார். தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். மேடைகளில் கேட்ட குரல் இல்லை அது.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் மாட்டினோம். வாசல்ல வெளிச்சம் கம்மி. பத்தடி போறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு, உள்ள மெத்துன்னு இருந்துச்சு. 'லயனல், உங்க பொண்டாட்டி உங்களுக்குச் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க'ன்னு சொல்லிச் சிரிக்கணும்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் ஆரம்பிச்சுட்டார்."

"கிரிஸ்பின் தீவு."

"'நாளைக் காலையில விமானம் அனுப்பி எல்லாரையும் வெளியில கொண்டுவந்துருங்க'ன்னார். தாக்குவாங்கன்னு நிச்சயமான்னு கேட்டேன். அந்த மனுஷன் பொய் சொல்லியிருக்கலாம் தெல்மா. நிச்சயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன். 'இல்ல, பத்துக்கு ஆறுதான் வாய்ப்பு'ன்னார். ஆறை நம்பி ஒரு ரேடார் நிலையத்தைக் காலி பண்ணினா ஊரே சிரிக்கும், நாளைக்குக் கூட்டம் போட்டுப் பேசலாம்னேன். 'பத்துக்கு நாலா இருந்தாலும் நான் கூட்டிட்டு வந்துருவேன் கோர்டன்'னார். எனக்குக் கோபம் வந்துருச்சு. சொல்றது உங்க வேலை, முடிவு பண்றது என் வேலை, உங்க வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தேன்."

அவர் திரை மூடிய ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"பின்னாலேருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரெண்டு தடவை. இன்னும் வாதாடத்தான் கூப்பிடறார்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கல." முகத்தை இரண்டு கைகளாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். "அவர் வாதாடக் கூப்பிடல, இல்ல? நெஞ்சு வலிச்சுக் கூப்பிட்டிருக்கார். அந்த பூட்ஸைத் தூக்கி எறியணும்னு தினமும்தான் இறங்கிப் போறேன். குனிஞ்சாலே அந்தக் குரல் கேக்குது."

எனக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. அந்த மனிதர் மேல் ஆத்திரமும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

"அவர் சொன்னாரா?"

மூவரும் திரும்பினோம். ஓடெட் கதவருகே நின்றார், கையில் அந்தப் பழுப்புப் பை. சாக்ஸ் காலோடு வந்ததில் எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. எப்போது வந்தார், எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை.

பிரதமர் எழுந்து நின்றார்.

"சொன்னார் ஓடெட்."

"அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லி?"

"ஆமா. ஒவ்வொருத்தர் பேரையும் சொன்னார். ஒம்போது பேரையும்."

ஓடெட் கண்ணை மூடித் திறந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஆறு வாரமாகச் சுமந்த எதையோ இறக்கி வைத்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"இதை இங்க என்கிட்ட சொன்னது போதாது," என்றார். "அங்க சொல்லணும். அந்த ஒம்போது வீட்டுக்காரங்களும் முன்வரிசையில உக்காந்திருப்பாங்க."

அவர் முதலில் இறங்கினார். நாங்கள் பின்னால் போனோம். பக்கவாசலில் மண்டியிட்டு, தட்டிலிருந்த கணவரின் பூட்ஸிலிருந்து ஆணிப்பட்டைகளை உரித்தெடுத்துச் சுவரிலிருந்த கொக்கியில் மாட்டினார். பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டார். பையிலிருந்து மற்ற ஜோடியை எடுத்து, அதன் பட்டைகளையும் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, காலியான தட்டில் பிரதமருக்கு நேராக வைத்தார்.

பிரதமர் முன்வாசல் பக்கம் திரும்பினார். புது பூட்ஸ் அங்கேதான் இருந்தது.

"இதைப் போட்டுக்குங்க கோர்டன்," என்றார் ஓடெட். விருந்துக்கு வந்தவரை வழியனுப்பும் குரல். "உங்களோடதுதானே? வெளியில குளிர்."

பிரதமர் படியில் உட்கார்ந்தார். லயனல் உயிரை விட்ட பூட்ஸுக்குள் ஒரு காலை விட்டார். இன்னொரு காலை விட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. கயிற்றை இழுத்துக் கட்ட விரல்கள் ஒத்துழைக்கவில்லை. நெட்டி உதவ ஓரடி வைத்தார். தெல்மா அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். கடைசியில் எப்படியோ முடிச்சுப் போட்டு எழுந்து, கதவைத் திறந்து, உப்புப் பாதையை விட்டுப் பனியின் குறுக்கே காத்திருந்த காரை நோக்கிப் போனார்.

"சொல்லுவாரா மேடம்?" என்றேன்.

"அதைப் போட்டுக்கிட்டு அந்தச் சாட்சி நாற்காலியில உக்காரப் போறார். பாக்கலாம்."

கார் போன பிறகு நெட்டி வழக்கம்போல ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை பனியில் தடம் இருந்தது.